நீலத் தொட்டியில் ரெண்டு சொட்டு மஞ்சள்

பெயிண்ட் கடையில் பதினெட்டு வருஷமாக நிறம் கலக்கிறவனுக்குத் தன் கண்மேல் கொஞ்சம் கர்வம் வந்துவிடுவது இயற்கைதான். யாராவது பழைய கதவிலிருந்து பெயர்த்தெடுத்த ஒரு சில்லைக் கொண்டுவந்து நீட்டினால், கடையில் இருக்கும் கம்ப்யூட்டர் அதன் எண்ணைக் கண்டுபிடிப்பதற்குள் இவன் டப்பாவைத் திறந்து கலந்தே முடித்திருப்பான். அதனால் அந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் அவன் கலர்காரன். மனைவி மட்டும் அப்படிக் கூப்பிடுவதில்லை. சாம்பல் நிறத்தில் ஒரு தலையணை உறை வாங்கினால்கூட அதில் நீலம் தூக்கல் என்று சொல்கிற மனுஷனோடு பன்னிரண்டு வருஷம் குடித்தனம் நடத்துகிறவள், அந்தப் பட்டத்தை வாயால் வேறு சொல்ல வேண்டுமா?

அப்பேர்ப்பட்டவனைப் பார்த்து ஒரு நாலு வயதுப் பெண் குழந்தை மேஜைக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது.

நடந்தது குழந்தைகள் இல்லத்தில். தத்தெடுக்க விண்ணப்பம் போட்டு மூன்று வருஷம் காத்திருந்து, ஒருவழியாக ஒரு சனிக்கிழமை காலையில் அவர்களைக் கூப்பிட்டிருந்தார்கள். அன்றைக்குச் சவரம் செய்யலாமா, தாடியை அப்படியே விட்டுவிடலாமா என்று அவன் கண்ணாடி முன்னால் அரைமணி நேரம் நின்று, கடைசியில் விட்டுவிட்டான். அது முதல் தப்பு. இரண்டாவது தப்பு அவன் குரல். கடையில் டப்பா குலுக்கும் மெஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசிப் பழகிய தொண்டை அது. கதவு திறந்து, அங்கே எல்லோரும் குட்டி என்று கூப்பிடுகிற அந்தக் குழந்தை தோளில் ஒரு சின்னத் துண்டோடு உள்ளே வந்ததும், "வாடா கண்ணு" என்றான். அவனுக்கு அது கொஞ்சல். குட்டிக்கு இடி. அடுத்த நொடி அவள் மேஜைக்கு அடியில் இருந்தாள், துண்டு தலைமேல் இருந்தது.

ஒரு மணி நேரம் அவள் வெளியே வரவில்லை. மனைவி தரையில் உட்கார்ந்து என்னென்னவோ பேசிப் பார்த்தாள். வெளியே நீட்டியிருந்த ஒற்றைப் பாதத்தை ஒருமுறை தொட்டாள், அது உள்ளே போகவில்லை. அதுவரைக்கும்தான் முன்னேற்றம். இல்லத்து அதிகாரி அம்மா அந்தக் காட்சியை மனைவியின் போனிலேயே ஒரு படம் எடுத்துக் கொடுத்தார்.

"மனசு விட்டுடாதீங்க. முதல் நாள் இப்படித்தான் இருக்கும். ஒரு ஆல்பம் தயார் பண்ணிக் குடுங்க. உங்க வீடு, தெரு, நீங்க ரெண்டு பேர். புதன்கிழமை மத்தியானத்துக்குள்ள வந்துட்டா மூணு நாள் அவகிட்ட தினம் காட்டுவோம். சனிக்கிழமை மறுபடி வாங்க."

"சனிக்கிழமையும் இதே மாதிரி ஒளிஞ்சுக்கிட்டா?" என்று அவன் கேட்டான். எவ்வளவு தாழ்த்தியும் குரல் அறை முழுக்கக் கேட்டது. மேஜைக்கு அடியில் பாதம் உள்ளே போய்விட்டது.

அதிகாரி அம்மா அவனைப் பார்த்தார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத முகம். "பிள்ளை மனசுக்கு விரோதமா நாங்க யாரோடயும் அனுப்ப மாட்டோம். வரிசையில இன்னொரு குடும்பமும் இருக்கு."

பிறகு ஒரு கத்தை படிவங்களைக் கொடுத்தார். ஒவ்வொன்றும் மூன்று பிரதி வேண்டும். கூடவே ஒரு விதியும் சொன்னார். தத்து உத்தரவு கைக்கு வரும்வரை குழந்தையின் படம் எந்த ஸ்டூடியோவுக்கும் கடைக்கும் போகக் கூடாது, யாருக்கும் அனுப்பவும் கூடாது, வீட்டிலேயே பிரிண்ட் எடுத்துக்கொள்ள வேண்டும். படத்தில் இருந்தது ஒரு பாதமும் துண்டின் நுனியும்தான். ஆனாலும் விதி விதிதான்.

பஸ்ஸில் அவன் டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். பிறகு, "அந்தத் துண்டு நீலமும் இல்ல, பச்சையும் இல்ல. ரெண்டுக்கும் நடுவுல, துவைச்சுத் துவைச்சு வெளுத்த ஒரு நிறம்" என்றான். இந்த நேரத்திலும் கடை நினைப்பா என்று மனைவி திரும்பினாள். அவன் கண் கலங்கியிருந்தது. அவள் அவன் கைமேல் கையை வைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அவன் கடையைத் திறந்து, மனதில் இருந்த துண்டை வைத்து அந்த நிறத்தைக் கலந்தான். சாயங்காலத்துக்குள் வீட்டின் சின்ன அறை நாலு சுவரும் அந்தத் துண்டாகிவிட்டது. திங்கட்கிழமை வெளிச்சத்தில் இருவருமாக வீட்டையும் தெருவையும் ஒருவரையொருவர் போனில் படம் எடுத்தார்கள். மிச்சம் இருந்தது பிரிண்டர்.

செவ்வாய்க்கிழமை பிரிண்டர் கடைக்குப் போனபோது மனைவியின் பையில் பொடி எழுத்துப் படிவம் ஒன்றும், அவளுடைய அடையாள அட்டையும் இருந்தன. பல் கிளினிக்கில் முன்மேஜையில் உட்கார்ந்து பதினோரு வருஷம் சீட்டு எழுதுகிறவள். காலை ஒன்பது மணிக்கு வாசலில் ஆள் வலியோடு நிற்கும்போது பிரிண்டர் மக்கர் பண்ணினால் என்ன ஆகும் என்பது அவளுக்குத் தெரியும். அவளுக்கு எழுத்து தெளிவாக வர வேண்டும், நகல் எடுக்க வேண்டும், கழுத்தை அறுக்காத விலையாக இருக்க வேண்டும். அவனுக்கு ஒரே ஒரு கோரிக்கை. சுவர் சுவராகத் தெரிய வேண்டும்.

விற்பனையாளர் முதலில் காட்டியது இருப்பதிலேயே மலிவானது. கையில் தூக்கிப் பார்த்தால் பலகாரப் பெட்டி கனம்தான் இருந்தது.

"இதுக்குக் கார்ட்ரிட்ஜ் என்ன விலை?" என்றாள் மனைவி.

அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு ஒரு விலை சொன்னார்.

"எத்தனை பக்கம் வரும்?"

"அது நீங்க எடுக்கறதைப் பொறுத்துங்க. ஒரு நூறு, நூத்தி இருபது."

"அப்ப ரெண்டு தடவை கார்ட்ரிட்ஜ் மாத்தற காசுல புதுசா இன்னொரு பிரிண்டரே வாங்கிடலாம்."

விற்பனையாளர் அந்தப் பெட்டியைத் தள்ளி வைத்துவிட்டு அவளைக் கொஞ்சம் மரியாதையாகப் பார்த்தார். அடுத்தது லேசர். படிவத்தை வைத்து நகல் எடுத்துக் காட்டினார். எழுத்தெல்லாம் அப்போதுதான் செதுக்கி வைத்தது மாதிரி இருந்தது, மனைவிக்கு அதை விட்டுவிட மனசு வரவில்லை. ஆனால் அது கறுப்பு மட்டும் அடிக்கிற சாதி. கலர் லேசர் ஒன்று மூலையில் இருந்தது. வீட்டுக்குக் கொண்டுபோனால் அதற்கே தனி அறை கேட்கும் போலிருந்தது. கலர்காரனோ அதற்குள் கண்ணாடி அலமாரிக்குப் பின்னால் இருந்த ஆறு மை போட்டோ பிரிண்டர் முன்னால் வாயைத் திறந்து நின்றான். விலைச் சீட்டைத் திருப்பிப் பார்த்த மனைவி, அவன் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள்.

"உங்களுக்கு இதுதாங்க சரி" என்று விற்பனையாளர் கடைசியில் இங்க் டேங்க் மாடலைக் காட்டினார். முன்பக்கம் நாலு சின்னத் தொட்டிகள், கறுப்பு, நீலம், சிவப்பு, மஞ்சள். மேலே மூடியைத் திறந்தால் ஸ்கேனர். "வாங்கும்போது கொஞ்சம் கூடத்தான். ஆனா அப்புறம் மையை நினைச்சு வயிறு எரிய வேண்டியதில்ல. ஒரு பாட்டில் ஊத்தினா ஆயிரக்கணக்குல பக்கம் வரும். போட்டோவும் வீட்டு ஆல்பத்துக்குத் தாராளமாப் போதும். ஒண்ணே ஒண்ணு, சும்மா போட்டு வெச்சா மை அடைச்சுக்கும். வாரத்துக்கு ஒரு கலர் படமாவது எடுத்துடுங்க."

குறையையும் சேர்த்துச் சொன்னதால் மனைவிக்கு அவர்மேல் நம்பிக்கை வந்தது. கலர்காரன் போனிலிருந்த சுவர் படத்தைப் போட்டோ தாளில் எடுத்துத் தரச் சொன்னான். எடுத்துத் தந்ததும் கடை வாசலுக்கு நடந்து, வெளிச்சத்தில் தாளைப் பிடித்துக்கொண்டு நின்றான். காவலாளி அவனையும் தாளையும் சந்தேகமாகப் பார்த்தார்.

"சார், அது வரும்போதே காஞ்சுதான் வருது" என்று விற்பனையாளர் பின்னாலேயே வந்தார்.

"தொட்டுப் பார்த்தாக் காஞ்சிருக்கும். நிறம் இன்னும் காயல."

"இது பெயிண்ட் இல்லைங்க சார்."

"எல்லாம் சாயம்தான்."

பத்து நிமிஷம் நின்றான். திரும்பி வந்து, "நீலம் தூக்கல்" என்று தீர்ப்பு சொன்னான்.

மனைவி தலையில் அடித்துக்கொள்ளாத குறை. "நாலு வயசுப் பிள்ளை அது. கையில ஷேட் கார்டு வெச்சுக்கிட்டா பார்க்கப் போறா?"

"அந்தத் துண்டை அவ ஒரு நிமிஷம் கூட விடல, பார்த்த இல்ல?" என்றான் அவன். "இங்க வந்தா சுவரே உன் துண்டுதான்னு அவளுக்குத் தெரியணும். என் மூஞ்சியை மாத்த முடியாது. குரலை மாத்த முடியாது. இது ஒண்ணுதான் எனக்குத் தெரிஞ்ச வேலை."

விற்பனையாளர் பக்கம் திரும்பி, "இதையே பில் போடுங்க. போட்டோ தாள் இருபது இருக்கற பாக்கெட் ஒண்ணு" என்றாள்.

அன்று சாயங்காலம் அவள் கையேட்டைப் படிக்கப் படிக்க அவன் மையை ஊற்றினான். ஒரு பாட்டிலின் வாய் இன்னொரு நிறத் தொட்டியில் பொருந்தவே பொருந்தாது. அவசரக்காரர்கள் தப்பாக ஊற்றிவிடக் கூடாது என்று யாரோ புண்ணியவான் யோசித்துச் செய்திருந்தார். மெஷின் பத்து நிமிஷம் உறுமிக் குழாய்களில் மையை நிரப்பிக்கொண்டது. முதலில் படிவங்கள். ஒவ்வொன்றாக மூன்று மூன்று பிரதி, ஓர் எழுத்துகூட அழியாமல் வந்து விழுந்தன. இனி நகல் கடை வரிசையில் நிற்க வேண்டாம், டாக்டர் முகத்தைப் பார்த்துக்கொண்டு கிளினிக் மெஷினைத் தொட வேண்டாம் என்று நினைக்கும்போதே மனைவிக்குப் பாதி பாரம் இறங்கியது.

புதன்கிழமை காலை அவள் கிளினிக் சாவியைக் கொடுத்துவிட்டு வரப் போக வேண்டியிருந்தது. "பத்தரைக்கு வந்துடுவேன். ஆல்பத்துக்குப் பன்னெண்டு படம், இந்த வரிசையில எடுத்து வைங்க. தாள் வகையில பளபளப்புத் தாள்னு போட்டுட்டேன். வேற எதையும் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். கடைசி வாக்கியத்தை அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

முதல் வேலையாக அறைச் சுவரைச் சோதனைக்கு எடுத்துப் பார்த்தான். தாளைச் சுவரில் வைத்துப் பார்த்தால், நீலம் தூக்கல். கடையில் இப்படி வந்தால் என்ன செய்வான்? ரெண்டு சொட்டு மஞ்சள் விடுவான். கை தானாகவே சட்டைப்பைக்குப் போயிற்று. நிறம் அளக்கும் பிளாஸ்டிக் சிரிஞ்சு ஒன்று அவன் சட்டைப்பையில் எப்போதும் இருக்கும். புண்ணியவான் பாட்டில் வாயைத்தான் யோசித்தார், சிரிஞ்சை யோசிக்கவில்லை. மஞ்சள் பாட்டிலிலிருந்து உறிஞ்சி, நீலத் தொட்டியில் விட்டான்.

மறுபடி ஒரு படம். அதே நீலம். இன்னும் ரெண்டு சொட்டு. மறுபடி அதே நீலம். பெயிண்டில் ஒரு குலுக்கு குலுக்கினால் நிறம் மாறிவிடும். இங்கே தொட்டிக்கும் தாளுக்கும் நடுவில் ஒரு முழ நீளக் குழாய் இருக்கிறது, அதில் பழைய மை முழுக்கத் தீர்ந்த பிறகுதான் புதுக் கலவை வந்து சேரும் என்பது நிறத்தில் புலியாக இருந்தவனுக்குத் தோன்றவே இல்லை. எட்டு தாள் சோதனையிலேயே போயிற்று. மணியைப் பார்த்தான். சரி, வந்தது வரட்டும் என்று ஆல்பத்துப் படங்களை வரிசையாகக் கொடுத்துவிட்டு, வருகிற தாள்களைக் கட்டில்மேல் காயப் போட்டான்.

மனைவி வந்தபோது பன்னிரண்டும் வரிசையாகக் கிடந்தன. அவள் ஒரு முனையிலிருந்து பார்த்துக்கொண்டே வந்தாள். வாசல் நன்றாக இருந்தது. தெரு நன்றாக இருந்தது. கிளினிக் உடுப்பில் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள், அவளுக்கே பிடித்திருந்தது. மேஜையும் பாதமும் வந்திருந்தன. ஆறாவது படம் சின்ன அறை.

"பாரு" என்றான் அவன். "சுவர் அப்படியே இருக்கா?"

அப்படியேதான் இருந்தது. அவள் தலையாட்டிக்கொண்டே நகர்ந்தாள். ஏழாவதில் ஜன்னலுக்கு வெளியே வானம் லேசாகப் பாசி பிடித்திருந்தது. ஒன்பதாவதில் மாடிப்படி காய்கறிக் கடையாகியிருந்தது. பன்னிரண்டாவதில் கலர்காரன் நாற்காலியில் உட்கார்ந்து பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான். நெற்றி பச்சை, கன்னம் பச்சை, தாடி கரும்பச்சை. பல் மட்டும் வெள்ளை.

அவள் படத்தைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். பிறகு மேஜைமேல் கிடந்த சிரிஞ்சைப் பார்த்தாள்.

"என்ன பண்ணீங்க?"

"நீலத்துல ரெண்டு சொட்டு மஞ்சள்…"

"எத்தனை ரெண்டு?"

"ஒரு எட்டு ரெண்டு இருக்கும்" என்றான். அவன் முகத்தில் ஈ ஆடவில்லை.

தாள் ஒன்றுகூட மிச்சமில்லை. இருந்தாலும் பிரயோஜனமில்லை, எது அடித்தாலும் பச்சையாகத்தான் வரும். மணி பதினொன்று. பஸ்ஸில் நாற்பது நிமிஷம். நேரில் பார்த்தே மேஜைக்கு அடியில் போனவள், இந்தப் படத்தைப் பார்த்தால் கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வரவே மாட்டாள். "என் படத்தை எடுத்துடு. மத்ததை மட்டும் குடுத்துடலாம்" என்றான்.

அவளுக்கு இருந்த கோபத்தில் அந்தப் பிரிண்டரையே அவன் தலைமேல் கவிழ்த்திருப்பாள். ஆனால் இந்தப் பேச்சைக் கேட்டதும் கோபம் வேறு பக்கம் திரும்பியது. "நீங்க இல்லாத ஆல்பம் எனக்கு எதுக்கு? அவதான் ஒளிஞ்சுக்கறான்னா நீங்களும் ஒளிஞ்சுக்கணுமா?" என்று சொல்லி, பச்சை மனுஷனைக் கடைசிப் பக்கத்தில் செருகி மூடினாள்.

வியாழனும் வெள்ளியும் எப்படிப் போயின என்று கேட்காதீர்கள். அவன் கடையில் ஒருவருக்கு வெள்ளைக்குப் பதிலாக யானைத் தந்த நிறத்தைக் கொடுத்தனுப்பினான், பதினெட்டு வருஷத்தில் முதல்முறை. அவள் சர்வீஸ் சென்டருக்குப் போன் போட்டு, அவர்கள் சொன்னபடியே நீலத் தொட்டியை அதே சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிய மையை ஊற்றினாள். பிறகு குழாய் தெளியும்வரை சாதாரணத் தாளில் பக்கம் பக்கமாக அடித்துத் தள்ளினாள். சிரிஞ்சைக் கழுவித் தன் அலமாரியில் வைத்துப் பூட்டினாள்.

சனிக்கிழமை. அதே அறை, அதே மேஜை. அவன் மூலையில் இருந்த குழந்தை நாற்காலி ஒன்றில், முழங்கால் தாடையில் இடிக்க, வாயை இறுக்கி மூடிக்கொண்டு உட்கார்ந்தான். மூச்சுவிடும் சத்தம்கூட அதிகமோ என்று அவனுக்குப் பயம். தாடியை எடுத்திருக்கலாம்தான். ஆல்பத்தில் தாடியோடு இருக்கிறாரே என்று மனைவிதான் வேண்டாம் என்றிருந்தாள்.

கதவு திறந்தது. குட்டி தோளில் துண்டு, கையில் ஆல்பம். வாசலிலேயே நின்றாள். மனைவி சிரித்தாள், குட்டி அவளைப் பார்க்கவே இல்லை. நேராக மூலையைப் பார்த்தாள். ஆல்பத்தின் கடைசிப் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். மறுபடி மூலையைப் பார்த்தாள். பிறகு மேஜையைத் தாண்டி, ஒவ்வோர் அடியாக அவன் எதிரே வந்து நின்றாள்.

"இது நீயா?"

அவன் தலையாட்டினான்.

"பச்சை எங்க?"

அவன் பேசப் பயந்து மனைவியைப் பார்த்தான். சொல்லுங்க என்று அவள் கண்ணைக் காட்டினாள். வாழ்க்கையிலேயே முதல்முறையாக அவன் குரல் சன்னமாக வந்தது. "அது மெஷின்ல வந்த பச்சை. நான்தான் மையைத் தப்பாக் கலந்துட்டேன்."

குட்டி நம்பவில்லை. அவன் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். விரலை நாக்கில் தொட்டு அவன் மணிக்கட்டில் தேய்த்தாள். காதுக்குப் பின்னால் பார்த்தாள். தாடியைத் தூக்கிப் பார்த்தாள். அவன் ஆடாமல் அசையாமல் இருந்தான், கண்ணில் மட்டும் நீர் கோத்துக்கொண்டது. கடைசியில் குட்டி அவன் கட்டைவிரலைப் பிடித்துக் கிட்டே கொண்டுபோனாள். நகத்தின் இடுக்கில், அறைக்கு அடித்த பெயிண்ட் ஒரு கீற்று மிச்சம் இருந்தது.

"இங்க கொஞ்சம் இருக்கு" என்றாள், கண்டுபிடித்துவிட்ட திருப்தியோடு.

அது அவள் தோளில் கிடந்த துண்டின் நிறம். அவள் அதைக் கவனிக்கவில்லை. கட்டைவிரலை விடவும் இல்லை.

"மூணு நாளா இங்க இதே பேச்சுதான்" என்றார் அதிகாரி அம்மா. "பச்சை மாமா எப்ப வருவாரு, பச்சை மாமா எப்ப வருவாருன்னு. மத்த பிள்ளைங்க எல்லாம் இவகிட்ட வந்து படத்தைக் காட்டச் சொல்லிக் கேக்குதுங்க. ராணி மாதிரி காட்டறா." அவர் கோப்பில் ஏதோ எழுதிக் கையெழுத்துப் போட்டார். மனைவி அழுதாள். மறைக்கவெல்லாம் இல்லை, சத்தமாகவே அழுதாள். மூன்று வருஷமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்தது எழுந்து போனது போலிருந்தது அவளுக்கு. இன்னொரு குடும்பம் என்ற பேச்சை அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை.

உத்தரவு வர ஏழு வாரம் ஆயிற்று. அதற்குள் இன்னும் முப்பது படிவங்கள், எல்லாம் வீட்டிலேயே அடித்ததுதான். குட்டி வீட்டுக்கு வந்த அன்று கலர்காரன் சின்ன அறைக் கதவைத் திறந்துவிட்டுப் பெருமையோடு ஒதுங்கி நின்றான். அவள் சுவரை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. "அந்த மெஷின் எங்க?" என்றாள்.

காட்டினார்கள். அவளை அதன் பக்கத்திலேயே நிற்க வைத்துப் படம் எடுத்து, போட்டோ தாளில் அடிக்கக் கொடுத்தார்கள். தாள் அங்குலம் அங்குலமாக வெளியே வருவதை அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். அருமையான படம். கன்னம் கன்னத்தின் நிறத்தில், துண்டு துண்டின் நிறத்தில், எல்லாம் அச்சு அசல். ஆறு மை மெஷின்கூட இதைவிட என்ன கிழித்துவிடப் போகிறது என்று கலர்காரனே ஒப்புக்கொண்டான்.

குட்டியின் முகம் சுருங்கிவிட்டது. "நான் பச்சையா இல்ல."

அவன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, நான் ஒன்றையும் தொடவில்லை என்கிற மாதிரி மனைவியைப் பார்த்தான். அவள் ஒரு நிமிஷம் இடுப்பில் கை வைத்து நின்றாள். பிறகு போய் அலமாரியைத் திறந்து, சிரிஞ்சை எடுத்துவந்து அவன் கையில் கொடுத்தாள்.

"ரெண்டே சொட்டு" என்றாள்.

அவன் எண்ணி ரெண்டே சொட்டு விட்டான். குட்டி அடுத்த தாளுக்குக் கையை நீட்டிக்கொண்டு நின்றாள்.

"உடனே வராதும்மா" என்று அவன் குனிந்து, சன்னமான குரலில் சொன்னான். "குழாய்ல ஊர்ந்து ஊர்ந்து வரணும். வாரத்துக்கு ஒரு படம் எடுத்தா, வந்து சேர ரொம்ப நாள் ஆகும்."

"ஆகட்டும். நான் இங்கதானே இருப்பேன்" என்றாள் குட்டி. துண்டைப் பிரிண்டர் மேல் போட்டுவிட்டு வீட்டைச் சுற்றிப் பார்க்கப் போனாள்.